டம்ளரை அளந்து பார்த்தீர்களா?

போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன்: 'வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பாலும் தயிருமாகச் சேர்த்து 300 மில்லி போதும்.' அது என் சொந்தக் கணக்கும் இல்லை. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உள்ள அளவு. அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். கேட்டிருப்பதும் எலும்பைப் பற்றி இல்லை, இதயத்தைப் பற்றி. அதனால் இந்த முறை பக்கம் முழுக்கப் பால்தான். வேறு கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26, ஐ.டி. வேலை. நீங்கள் 300 மில்லி என்று எழுதிய அதே வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. 'தினமும் 300 மில்லிக்கு மேல் பால் குடிக்கும் பெண்களுக்கு மாரடைப்பு: ஸ்வீடன் விஞ்ஞானிகள் எச்சரிக்கை.' என் அப்பாவுக்கு 48 வயதிலேயே ஸ்டென்ட் வைத்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. எதை நம்புவது டாக்டர்?
— பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்: செய்தி பொய்யில்லை கண்ணு. அனுப்பியவர் பாதியை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

ஸ்வீடனில் உப்சாலா பல்கலைக்கழகத்தினர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏறக்குறைய 60,000 பெண்கள், 40,000 ஆண்கள். 33 வருஷம் வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நாளைக்கு 100 மில்லி பால் குடித்த பெண்களைவிட 400 மில்லி குடித்த பெண்களுக்கு இதய ரத்தக் குழாய் அடைப்பு நோய் 5 சதவீதம் அதிகம். 600 மில்லிக்கு 12 சதவீதம், 800 மில்லிக்கு 21. ஆண்களிடம் இந்த ஏற்றம் தெரியவில்லை. கொழுப்பு எடுத்த பாலா, எடுக்காத பாலா என்பதாலும் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் தயிர் மாதிரிப் புளிக்கவைத்த பால் சாப்பிட்டவர்களிடம் இது இல்லை.

இப்போது விட்டுப்போன பாதி. 5 சதவீதம் என்றால் நூறு பேருக்கு நோய் வரும் இடத்தில் நூற்றைந்து பேருக்கு வந்தது என்று அர்த்தம். 'மாரடைப்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டால் நூற்றுக்கு நூறு என்று படுகிறது. அப்புறம், அந்தப் பெண்கள் யார்? 1980களின் கடைசியில் மார்பகப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்கள். ஆய்வில் சேர்ந்தபோதே நாற்பதை ஒட்டி அல்லது தாண்டியவர்கள், எழுபது வயதுக்காரர்களும் உண்டு. உன் அம்மா வயது, பாட்டி வயது. அந்த நாட்டில் சாப்பாட்டோடு குளிர்ந்த பாலைத் தண்ணீர் மாதிரி டம்ளர் டம்ளராகக் குடிப்பார்கள். 31 வருஷமாக க்ளினிக் நடத்துகிறேன், தினம் 800 மில்லி வெறும் பால் குடிக்கிற பெண் ஒருத்தி என் முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை. நம் ஊரில் அரை லிட்டர் பாக்கெட்டை நாலு பேர் இரண்டு வேளைக்குப் பங்கு போட்டுக் காபி குடிக்கிறோம்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 2018-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 21 நாடுகளைச் சேர்ந்த 1,36,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், இந்தியர்களும் உண்டு. பால் பொருளே தொடாதவர்களைவிட, நாளைக்கு இரண்டு பங்குக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு இதய நோயும் பக்கவாதமும் குறைவாகவே வந்தன. ஒரு பங்கு என்றால் ஒரு கிளாஸ் பால் அல்லது ஒரு கப் தயிர். அதில் இருந்தவர்களின் வயது 35 முதல் 70.

கவனித்தாயா, இரண்டு ஆய்வுகளிலும் 26 வயதுப் பெண் இல்லவே இல்லை. வயதானவர்களிடம் பார்த்ததை எடுத்துச் சின்னப் பெண்களைப் பயமுறுத்துவதும் தப்பு, தைரியம் சொல்வதும் தப்பு. உன் வயதுக்காரர்களை வைத்துச் செய்ததில் எனக்கு நினைவு வருவது அமெரிக்க ஆய்வு ஒன்று. 1985-86-இல் 18 முதல் 30 வயது வரை உள்ள ஆண்களையும் பெண்களையும் சேர்த்து, பத்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். உடல் எடை கூடுதலாக இருந்தவர்களில் பால் பொருள் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக் கொழுப்புக் கோளாறு எல்லாம் ஒன்றாகக் கூடிவரும் நிலை நன்றாகவே குறைந்திருந்தது. ஒல்லியாக இருந்தவர்களிடம் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை. இதையும் வேதவாக்காக எடுக்காதே. மூன்றுமே, மக்கள் தாமாகச் சாப்பிட்டதைக் கேட்டு எழுதிக்கொண்டு பிறகு என்ன ஆனது என்று பார்த்தவை. பால் குடிக்கிறவர் வேறு என்னென்ன செய்கிறவர் என்பதும் அதற்குள் கலந்திருக்கும்.

ஆக, 300 மில்லிக்குள் பால் குடித்தால் உன் இதயம் கெடும் என்று சொல்ல இவற்றில் எதுவும் இல்லை. உன் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறு வரி: 'அப்பாவுக்கு 48 வயதில் ஸ்டென்ட்.' அப்பாவுக்கு 55-க்கு முன்போ அம்மாவுக்கு 65-க்கு முன்போ இதய நோய் வந்திருந்தால் அதைக் குடும்ப வரலாறு என்று குறித்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய். எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 190-ஐத் தாண்டினால் அது பாலாலோ முட்டையாலோ வந்ததாக இருக்காது, பரம்பரையாக வருவதாக இருக்கலாம். அதற்கு மாத்திரை வேண்டும், பாலை நிறுத்தி ஒன்றும் ஆகாது. ரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை இரண்டையும் அன்றே பார்த்துவிடு. அண்ணன் தம்பி இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: பாக்கெட் பாலில் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று வாங்குகிறோம். எது இதயத்துக்கு நல்லது? ஆரஞ்சில்தான் காபி நன்றாக இருக்கிறது!
— வாசகி, 29, ஈரோடு

பதில்: நன்றாக இருக்காமல் என்ன செய்யும், இரண்டு மடங்கு கொழுப்பாயிற்றே.

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் அப்பா கோபி பக்கத்தில் ஒரு கிராமத்தின் பால் சொசைட்டியில் செயலாளர். காலை ஐந்தரை மணிக்கெல்லாம் கேன் சத்தம் கேட்கும். பள்ளி விடுமுறையில் நான்தான் அவருக்குக் கையாள். கண்ணாடிக் குழாயில் பத்து மில்லி கந்தக அமிலம், அதன் மேல் ஓரமாக வழியவிட்டு 10.75 மில்லி பால், அமைல் ஆல்கஹால் ஒரு மில்லி. ரப்பர் மூடி போட்டுத் துணியைச் சுற்றிக் குலுக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் கை சுட்டுவிடும், அவ்வளவு சூடேறும். பிறகு சுழற்றும் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் குழாயின் கழுத்தில் தேன் நிறத்தில் ஒரு கோடு வந்து நிற்கும். அதுதான் ஃபேட், பாலில் உள்ள கொழுப்பு. 'இன்னைக்கு என்ன ஃபேட்டுங்க?' என்று வாசலில் நின்று கேட்பார்கள். அந்தக் கோடு ஒரு புள்ளி ஏறினால் காசு ஏறும். எருமைப் பால் ஆறு, ஏழு என்று நிற்கும். கலப்பின மாட்டுப் பால் நாலுக்குப் பக்கத்தில். இப்போது அதெல்லாம் போய் மிஷினில் விட்டால் கணக்கு வந்துவிடுகிறது.

பால்காரருக்கு வருமானம் அந்தக் கோட்டில் இருந்தது. எனக்கு வருகிற நோயாளிகளும் அந்தக் கோட்டால்தான் வருகிறார்கள் என்று அப்பாவிடம் ஒருமுறை கேலியாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, பாக்கெட்டுக்கு வருவோம். ஆவினில் நீலம் 3 சதவீதக் கொழுப்பு, பச்சை 4.5, ஆரஞ்சு 6. அரை லிட்டர் பாக்கெட்டுக்கு 15 கிராம், 22.5 கிராம், 30 கிராம். வேறு கம்பெனிப் பாலில் நிறம் மாறும், ஆனால் உறை மேல் கொழுப்பு சதவீதம் அச்சிட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பால் கொழுப்பில் அறுபது சதவீதத்துக்கு மேல் உறைகொழுப்பு, அதாவது ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும் வகை. ஆரஞ்சுப் பாலில் 200 மில்லி குடித்தால் அந்த உறைகொழுப்பு ஏழு கிராமுக்கு மேல் உள்ளே போகும். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் 22 கிராம்தான் உச்ச வரம்பு. நெய், தேங்காய்ப்பால், பேக்கரி பஃப்ஸ் எல்லாம் அந்த 22-க்குள் அடங்க வேண்டும்.

கால்சியமும் புரதமும் மூன்று நிறத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். 200 மில்லிக்கு 240 மில்லிகிராம் கால்சியம், ஆறேழு கிராம் புரதம். அதனால் நீலம் வாங்குங்கள். வீட்டில் எடை ஏறாத சின்னக் குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் ஆரஞ்சு. ஞாயிற்றுக்கிழமை ஒரு காபிக்கு ஆரஞ்சு பாக்கெட் வாங்கினால் நான் வந்து கதவைத் தட்ட மாட்டேன்.

கறந்த பால் வாங்குகிறவர்கள் காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஏட்டை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். கொழுப்பில் நல்ல பங்கு அதோடு போய்விடும். எடுத்த ஏட்டைச் சேர்த்துவைத்து வெண்ணெய் கடைந்து நெய்யாக்கி அதே பெண்ணின் தோசையில் ஊற்றினால் கணக்கு பழையபடி ஆகிவிடும். இதைச் சொன்னால் நிறைய அம்மாக்கள் சிரிக்கிறார்கள், மறுக்கவில்லை.

இன்னொரு காரியம். உங்கள் வீட்டு டம்ளரை ஒருநாள் அளந்து பாருங்கள். 'ஒரு டம்ளர்தான் குடிக்கிறேன்' என்று சொல்லும் பெண்களிடம் அந்த டம்ளரையே கொண்டுவரச் சொல்வேன். ஒருத்தி கொண்டுவந்தது தாத்தா காலத்து எவர்சில்வர் டம்ளர், இருகையால் பிடிக்க வேண்டும். அளவுக் குடுவையில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் 420 மில்லி. அவள் கணக்கில் அது ஒன்று.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது, கல்லூரி விடுதியில் இருக்கிறாள். இரண்டு மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்கிறாள். ஈ.சி.ஜி. எடுத்தோம், துடிப்பு வேகம், மற்றபடி ஒன்றுமில்லை என்றார்கள். சத்தில்லாமல்தான் என்று காலை இரவு பெரிய டம்ளரில் பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரையும் பாலோடு எடுக்கிறாள். இரண்டு மாதமாகியும் அப்படியே இருக்கிறது. இதயத்தில் ஓட்டை ஏதாவது இருக்குமோ?
— ஒரு தாய், கரூர்

பதில்: ஓட்டையைத் தேடுவதற்கு முன் ஹீமோகுளோபினைப் பாருங்கள் அம்மா. கடிதத்தில் அந்த எண்ணைக் காணோம். யாரும் பார்க்கவில்லையா?

சில வருஷங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார்கள். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிஷத்துக்கு 118. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இதயத்தில் கூடுதலாக ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வேறு இடத்தில் 'வால்வு கோளாறு' என்று பயமுறுத்தியிருந்தார்கள். எக்கோ (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்தோம், வால்வு நன்றாக இருந்தது. ஹீமோகுளோபின் 6.8. ரத்தம் நீர்த்துப்போனால் அதே ஆக்சிஜனைக் கொண்டுபோக இதயம் இரண்டு ஆள் வேலை செய்யும், வேகமாக அடிக்கும். ரத்தம் வேகமாக ஓடுவதால் அந்தச் சத்தம். அப்படியே வருஷக்கணக்கில் விட்டால் இதயம் வீங்கிக் களைத்தும் போகும்.

கருத்தரிக்காத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இருக்கலாம் என்கிற அளவுக்குச் சாதாரணம்.

நீங்கள் நல்ல மனதோடு செய்கிற காரியம்தான் இங்கே தடையாக நிற்கிறது. பாலில் இரும்புச்சத்து இல்லை என்றே சொல்லிவிடலாம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்றால், ஒரு லிட்டர் பால் குடித்தாலும் ஒரு மில்லிகிராம் தேறாது. அதுகூடப் பரவாயில்லை, பாலில் உள்ள கால்சியம் மாத்திரையில் இருக்கும் இரும்பையும் குடலில் உறிஞ்சவிடாமல் மறிக்கும். டீ அதைவிட மோசம். சாப்பாட்டோடு ஒரு டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டில் இருந்த இரும்பில் பாதிகூட ஏறாது. பெரிய டம்ளர் பால் வயிற்றை நிறைத்துவிடுவதால் காலை இட்லியும் சாம்பாரும் பாதியோடு நிற்கும். மாத்திரை தொண்டையில் இறங்குகிறது, ரத்தத்தில் ஏறவில்லை.

இன்றிலிருந்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, எலுமிச்சைத் தண்ணீரோடு கொடுங்கள். கொய்யா, நெல்லிக்காய் எது கிடைத்தாலும் சரி. வயிற்றைப் புரட்டினால் சாப்பிட்ட பிறகு எடுக்கட்டும், ஆனால் பாலும் டீயும் இரண்டு மணி நேரம் தள்ளியே இருக்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது போட்டாள் என்று கேளுங்கள். மாதவிடாய் எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று கேளுங்கள். அம்மாவிடம்கூட இதைச் சொல்லக் கூச்சப்படுகிற பெண்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு ஒன்பது நாள் போய்க்கொண்டிருந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்திரையின் நேரத்தை மாற்றி, மாதவிடாய்க்கும் மருந்து கொடுத்தபின் மூன்றாம் மாதம் 11.2 வந்தது. நாடி 84. அந்தச் சத்தத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. எண் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், இருப்பு நிறைய இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டுகள் மாறி மாறி வீங்கி வலித்திருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, மயங்கி விழுந்தாலோ, கால் வீங்கினாலோ உடனே இதய மருத்துவரிடம் எக்கோ எடுங்கள். தொண்டைப் புண்ணில் தொடங்கி வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் இதய நோய் இளம்பெண்களிடம் இன்னும் பார்க்கிறேன்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். காலையில் சாப்பிட நேரமில்லை. பாலில் மால்ட் பவுடர் போட்டுக் குடித்துவிட்டு ஓடுவேன். வேலை நடுவே நாலு டீ. உடம்புக்குச் சத்து போதுமா அக்கா? வயது 22.
— வாசகி, திருப்பூர்

பதில்: அக்கா என்று கூப்பிட்டதற்கே உனக்கு ஒரு தனிப் பதில்.

டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாலு டீக்கு எட்டு ஸ்பூன், 35 கிராமாவது வரும். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. அதன் மேல் மால்ட் பவுடர். டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை எவ்வளவு என்று படித்துப் பார். இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உன் வயதில் இதயத்தை மெதுவாகக் கெடுப்பது எது என்று என்னைக் கேட்டால், பாலைவிடப் பாலுக்குள் கரைந்து போவதைத்தான் சொல்வேன். கல்லீரலில் கொழுப்பு, இடுப்பில் சதை, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, எல்லாவற்றோடும் 25 வயதிலேயே வருகிறார்கள்.

பவுடரை நிறுத்து. அந்தக் காசில் இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வரும். முட்டையை முந்தின ராத்திரியே வேகவைத்து வைத்துக்கொள், நடந்துகொண்டே உரித்துச் சாப்பிடலாம். டீயை இரண்டாகக் குறை, ஒன்றில் அரை ஸ்பூன் சர்க்கரை குறைவாகப் போடச் சொல். முதல் வாரம் வாய்க்குப் பிடிக்காது. மூன்றாம் வாரம் பழைய டீ பாயசம் மாதிரி இருக்கும்.

கேள்வி: ஆறு மாதக் கர்ப்பம். முதல் பிரசவத்தில் பிரஷர் ஏறி அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். மாமியார் தினமும் இரவு குங்குமப்பூப் பால் கொடுக்கிறார். பிரஷருக்குப் பால் நல்லதா?
— வாசகி, 28, சேலம்

பதில்: குழந்தையின் நிறத்தைக் குங்குமப்பூ மாற்றாது. மாமியாரிடம் இதைச் சொல்லிச் சண்டை வளர்க்கவும் வேண்டாம். அன்பாகக் கொடுக்கிற பாலைக் குடியுங்கள், சர்க்கரை மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கால்சியம் குறைவாகச் சாப்பிடும் கர்ப்பிணிகளுக்குக் கால்சியம் கூட்டிக் கொடுத்தால் பிரஷர் ஏறும் கோளாறு குறையலாம் என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. அதனால்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரை நாளைக்கு இரண்டு கொடுக்கிறார்கள். பால் அதற்கு மாற்று ஆகாது, இரண்டும் வேண்டும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே கையில் வாங்கி ஒரே மடக்கில் விழுங்காதீர்கள். மேலே கரூர்த் தாய்க்கு எழுதிய காரணம்தான்.

இப்போதைக்கு வாராவாரம் பிரஷர் பாருங்கள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். பிரசவம் முடிந்ததும் எல்லாரும் குழந்தையைப் பார்க்கப் போய்விடுவார்கள், உங்கள் பிரஷரை யாரும் பார்க்க மாட்டார்கள். கர்ப்பத்தில் இப்படிப் பிரஷர் ஏறிய பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருஷத்துக்கு ஒருமுறை பிரஷர், சர்க்கரை, கொழுப்பு. குழந்தையின் பிறந்தநாளோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், மறக்காது.

கேள்வி: பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. பாலை அடியோடு நிறுத்தச் சொல்லி யூடியூபில் சொல்கிறார்கள்.
— வாசகி, 23, மதுரை

பதில்: நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதும் தினம் முக்கால் மணி நேரம் வேர்க்க நடப்பதும் பலன் தரும். அதைச் சொன்னால் யூடியூபில் யார் பார்ப்பார்கள்?

கேள்வி: தைராய்டு மாத்திரையைக் காலையில் காபியோடு போடலாமா?
— வாசகி, 31, திண்டுக்கல்

பதில்: கூடாது. வெறும் தண்ணீரோடு போடுங்கள், முக்கால் மணி நேரமாவது கழித்துக் காபி. பாலும் மாத்திரையும் சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது, டாக்டர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்.

கேள்வி: நாங்கள் ஆறு மாடு வைத்திருக்கிறோம். நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டு என் மருமகள் பால் தொட மாட்டேன் என்கிறாள். காய்ச்சினால் சத்து போய்விடும் என்று பச்சைப் பாலாகவே குடித்து வளர்ந்தவன் நான், எனக்கு 67 வயது, இதயம் கல்லு மாதிரி இருக்கிறது.
— விவசாயி, திருச்செங்கோடு

பதில்: ஐயா, பால் சொசைட்டிக்காரர் மகள் பாலைக் குறை சொல்வேனா? மருமகளிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்: 300 மில்லி, தாராளமாக.

காய்ச்சுகிற விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் வர முடியாது. புருசெல்லா கிருமியும் மாட்டுக் காசநோயும் பச்சைப் பாலில் வரும். புருசெல்லோசிஸ் வந்து மாதக்கணக்கில் விட்டு விட்டுக் காய்ச்சலும் முதுகுவலியுமாகக் கிடந்த மாட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன், மருமகள் கர்ப்பமாக இருந்தால் கரு கலையவும் கூடும். காய்ச்சினால் போவது கொஞ்சம் வைட்டமின், கால்சியமும் புரதமும் எங்கேயும் போகாது. உங்கள் இதயம் கல்லு மாதிரி இருப்பதற்கு அறுபது வருஷம் மாட்டுக்குத் தீவனம் சுமந்ததைத்தான் காரணமாகச் சொல்வேன். மருமகள் என்ன வேலை செய்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: பால் வாடையே எனக்கு ஆகாது. குடித்தால் வயிறு உப்பி, உடனே பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. பாதாம் பால், ஓட்ஸ் பால் வாங்கலாமா? விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. குடிக்காவிட்டால் இதயம், எலும்பு எல்லாம் போய்விடும் என்று அம்மா திட்டுகிறார்.
— வாசகி, 21, தஞ்சாவூர்

பதில்: பால் சர்க்கரையை உடைக்கும் நொதி வளர்ந்த பிறகு குறைந்துபோவது தென்னிந்தியர்களில் நிறையப் பேருக்கு உண்டு. அது நோயில்லை, திட்டுவதற்கான விஷயமும் இல்லை. தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை உறைக் கிருமியே தின்றுவிடும், அதனால் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. முதலில் அரைக் கிண்ணம் சாப்பிட்டுப் பார். நான் முதல் பதிலில் சொன்ன ஸ்வீடன் ஆய்விலும் புளித்த பால் நல்ல பெயரோடுதான் வெளியே வந்தது. மோருக்கு உப்பைக் கை நிறையப் போடாதே, தயிர்சாதத்துக்கு ஊறுகாயையும் மலை மாதிரி வைக்காதே.

பாதாம் பாலில் பாதாம் சொற்பம், புரதமும் சொற்பம். ஓட்ஸ் பாலில் பெரும்பாலும் மாவுச்சத்து. அந்தப் பணத்தை வீணாக்காதே. கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம், முருங்கைக்கீரையில் 300-க்கு மேல், எள்ளில் அதைவிட மூன்று நாலு மடங்கு. தஞ்சாவூரில் இருக்கிறாய், முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீன் கிடைக்குமே. மீன் சாப்பிடுகிற வீடு என்றால் வாரம் இரண்டு நாள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல். நம்பாவிட்டால் கேழ்வரகுக் கூழில் தயிர் ஊற்றி அவருக்கும் ஒரு டம்ளர் கொடு, 200 மில்லி டம்ளரில்.